ரெயில்ல ஏறினா விழுறீங்களா? எந்தப் பக்கம் விழுறீங்கன்னு பாத்து காரணத்தக் கண்டுபிடிக்கலாம்

மொதல்லயே சொல்லிடறேன், இங்க ரெயில்னா ட்ரெயின் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி அம்மாகிட்ட போன்ல "ரெயில்ல இருந்து விழுந்துட்டேன்மா, இடுப்புல லேசா அடி"ன்னு சாதாரணமா சொல்லப்போயி, அவங்க "எந்த ஸ்டேஷன்டா"ன்னு அலற, நான் இல்லம்மா இது ஸ்கீ பண்ற எடத்துல பனிக்கு மேல வெச்சிருக்கற கம்பின்னு வெளக்குனதும் பயம் போயி கோவம் வந்துருச்சு, "பனில சறுக்கறது பத்தாதுன்னு கம்பி மேல வேற ஏறணுமா"ன்னு. நியாயமான கேள்விதான், பதில் என்கிட்ட இல்ல.

நான் டொராண்டோவுக்கு வடக்க இருக்கற மலைங்கள்ல பழகுறவன். மலைன்னு சொல்றது ஒரு மரியாதைக்கு. இந்தப் பக்கம் பெருசுன்னா ப்ளூ மவுண்டன், அதுவே உச்சிக்கும் அடிவாரத்துக்கும் 220 மீட்டர்தான் வித்தியாசம், கொஞ்ச நேரத்துல கீழ வந்துடலாம். அதனாலயோ என்னவோ இங்க பசங்க டெரெயின் பார்க்குக்குள்ள, அதாவது வித்தை பண்றதுக்குன்னே கம்பியெல்லாம் வெச்சிருக்கற எடத்துக்குள்ள போயி அதே ரெயில், அதே பாக்ஸ் (மேல ப்ளாஸ்டிக் போட்ட அகலமான பெட்டி)னு நாள் பூரா சுத்திக்கிட்டே இருப்பாங்க. இந்த மாதிரி ரெயில், குதிக்கற மேடுன்னு வரிசையா வித்தை பண்ணிக்கிட்டே எறங்கற போட்டிதான் ஸ்கீ ஸ்லோப்ஸ்டைல், ஒலிம்பிக்ஸ்ல அது மொதமொதலா வந்தது 2014 சோச்சில, அதுல பெண்கள் தங்கம் வாங்குன டாரா ஹவல் இதே ஒண்டாரியோ, ஹண்ட்ஸ்வில் பொண்ணு. அதனால மலை சின்னதுன்னு சாக்கு சொல்ல முடியாது. நான் 34 வயசுல ஆரம்பிச்சேன்ங்கற சாக்க மட்டும் வெச்சுக்கறேன்.

இது யாருக்குன்னா, பேரலல் டர்ன் (ரெண்டு ஸ்கீயும் இணையா வெச்சுத் திரும்பறது) நல்லா வரும், ஹாக்கி ஸ்டாப் (சடார்னு குறுக்கத் திரும்பி நிக்கறது) ரெண்டு பக்கமும் வரும், சின்னதா குதிச்சு நேரா எறங்க வரும், ஆனா கம்பில ஏறினா மட்டும் விழுறவங்களுக்கு. ஹாக்கி ஸ்டாப் ஒரு பக்கம்தான் வரும்னா மொதல்ல அத முடிச்சிட்டு வாங்க. ஹெல்மெட் இல்லாம பார்க் பக்கமே வராதீங்க, தலைல அடி பட்டா அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுது, "நல்லாத்தான் இருக்கேன்"னு திரும்ப லிஃப்ட் ஏறக் கூடாது.

ரெண்டு மூணு வார்த்த மட்டும் தெரிஞ்சுக்கோங்க. ஏறுறதுக்கு பனில மேடு கட்டியிருப்பாங்க, அது லிப். ஏறினதும் உடம்ப குறுக்கத் திருப்பி, ஸ்கீ ரெண்டும் கம்பிக்கு குறுக்க இருக்கற மாதிரி சறுக்குவோம், அப்ப கம்பி முடியுற பக்கம் இருக்கறது முன்கால், ஏறுன பக்கம் இருக்கறது பின்கால். ஸ்கீயோட ரெண்டு ஓரத்துலயும் ஓடுற இரும்புப் பட்டை எட்ஜ், அடித்தட்டு பேஸ். அவ்ளோதான்.

அப்புறம் கூட வர்றவங்கள பக்கவாட்டுல நின்னு வீடியோ எடுக்கச் சொல்லுங்க. விழுந்த எடத்த பாத்து சிரிச்சுட்டு விட்டுடாதீங்க, கம்பில ஸ்கீ மொதமொதலா படுதுல்ல, அந்த எடத்துல நிறுத்திப் பாருங்க. விழுறது கம்பியோட நடுவுல நடக்கும், ஆனா அதுக்கான வேல லிப்லயோ அதுக்கு முன்னாடியோ முடிஞ்சு போயிருக்கும். பனின்னா ஒரு டர்ன் தப்பாப் போனா அடுத்த டர்ன்ல சரி பண்ணிக்கலாம், கம்பி மேல திருப்பறதுக்கு எதுவுமே இல்ல, கொண்டு வந்தத வெச்சுத்தான் கடைசி வரைக்கும் ஓட்டணும்.

கால் ரெண்டும் முன்னாடி ஓடிடுது, பின்பக்க இடுப்பு கம்பில மோதுது

இதுதான் பொதுவான வியாதி, அம்மாகிட்ட சொன்ன கேஸும் இதேதான், அதனால இத கொஞ்சம் நீட்டியே எழுதறேன்.

சிட்டி பஸ்ல கம்பி புடிக்காம நின்னிருக்கீங்களா? டிரைவர் சடார்னு எடுத்தா என்ன ஆகும், கால் பஸ்ஸோட போயிடும், மேல்உடம்பு அங்கயே நிக்கும், பின்னாடி இருக்கறவர் மேல போயி விழுவோம். கம்பில நடக்கறதும் அச்சு அசல் இதேதான். லிப் வரைக்கும் பனி உங்கள கொஞ்சம் புடிச்சு வெச்சிருக்கும், கம்பில ஏறின நொடில அந்தப் பிடிப்பு போயிடும், கால் வேகமா ஓடும். பஸ்ல பழகுனவங்க என்ன பண்ணுவாங்க, கால அகட்டி, முட்டிய லேசா மடக்கி, பஸ் போற பக்கம் கொஞ்சம் சாஞ்சு நிப்பாங்க. அதே ஸ்டான்ஸ்தான் இங்கயும்.

ஆனா நம்ம உடம்பு நேர் எதிரா செய்யும், ஏன்னா ஸ்கீ கத்துக்கிட்ட நாள்ல இருந்து குறுக்கத் திரும்பினா நிக்கணும்னுதான பழக்கியிருக்கோம், ஹாக்கி ஸ்டாப்ல மேட்டுப் பக்கம் சாஞ்சு மேட்டுப் பக்க எட்ஜ பனில குத்துவோம், அது கடிக்கும், நிப்போம். கம்பில பயம் வந்த உடனே கால் அதே வேலையச் செய்யுது, மேட்டுப் பக்கம் சாயுது, எட்ஜ் போடுது, ஆனா இரும்பு மேல இரும்பு கடிக்காதே, வழுக்கித்தான் விடும். அதாவது காப்பாத்திக்கறதா நெனச்சு பண்ற வேலைதான் தள்ளி விடுது.

எவ்ளோ சாயணும்னா, கம்பி எந்த சரிவுல இருக்கோ அதுக்கு உடம்பு நெட்டுக்குத்தா இருக்கணும், வானத்துக்கு இல்ல. சமமா இருக்கற பாக்ஸ்ல நேரா நின்னா போதும், கீழ் நோக்கிப் போற கம்பின்னா கீழ்ப்பக்கம் சாயணும், அது மொதல்ல தலைகுப்புற விழப் போற மாதிரியே இருக்கும். வீடியோல ரெண்டு தோளையும் சேத்து ஒரு கோடு போட்டுப் பாருங்க. அந்தக் கோடு கம்பியோட சாய்வுக்கு ஒத்துப் போகணும். முன்தோள் மேல தூக்கி நிக்குதுன்னா கண்டுபிடிச்சாச்சு.

சரி பண்ண எனக்கு வேல செஞ்சது ரெண்டு. ஒண்ணு, பனிலயே சைட்ஸ்லிப், நல்லா சீவின சாதாரண சரிவுல குறுக்க நின்னு எட்ஜ எவ்ளோ விட முடியுமோ அவ்ளோ விட்டு பேஸ் தட்டையா இருக்கற மாதிரி வழுக்கறது, கீழ்ப்பக்க எட்ஜ் மாட்டிக்குமோன்னு வயித்துல ஒரு கூச்சம் வரும் பாருங்க, அந்த எடம்தான் சரியான எடம், அங்க பத்து செகண்டு இருக்கப் பழகணும். அவசரப்பட்டு வேகமான எடத்துல பண்ணாதீங்க, எட்ஜ் மாட்டினா பனிலயும் பலமாத்தான் விழுவீங்க. ரெண்டாவது, முன்கால் பக்கம் இருக்கற கைய கம்பி முடியுற எடத்துக்கு நேரா நீட்டறது, கதவத் தொறந்து ஒருத்தர "போங்க"ன்னு காட்டற மாதிரி. கை அங்க போனா தோள் தானா கீழ எறங்கும், நீங்க "சாயணும் சாயணும்"னு யோசிக்க வேண்டியதில்ல.

அக்கா பையன் ஒருத்தன் இங்கயே பொறந்தவன், பன்னெண்டு வயசுலயே என்னைவிட நல்லா பண்ணுவான். ஒரு நா நான் நாலாவது தடவ விழுந்து எழுந்ததும் வந்து சொன்னான், "மாமா நீங்க காலையே பாத்துக்கிட்டு இருக்கீங்க, கால் எங்கயும் போயிடாது, கம்பி முடியற எடத்தப் பாருங்க". நூத்துக்கு நூறு சரி. தல குனிஞ்சா முதுகு கூனும், முதுகு கூனினா பின்பக்கம் வெளிய போகும், அப்புறம் அதே கததான்.

திடீர்னு பிரேக் போட்ட மாதிரி நின்னு, போற பக்கமா தூக்கிப் போடுது

இது முன்னதுக்கு நேர் எதிர், ஆனா வலி ஜாஸ்தி. எட்ஜ் எதுலயோ மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். பாக்ஸ்ல அந்த மேல் ப்ளாஸ்டிக்கையே எட்ஜ் கீறிக்கிட்டு நிக்கும், கம்பின்னா வெல்டிங் பண்ண எடம், தேஞ்சு போன கீறல் மாதிரி எதுலயாவது தட்டும்.

மொதல்ல முட்டியப் பாருங்க. கால அகலமா வெச்சுட்டு முட்டி ரெண்டும் உள்பக்கமா ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு இருந்தா, பின்கால் ஸ்கீயோட உள்எட்ஜ் இருக்கே, அது சரியா கீழ்ப்பக்கம் பாத்துக் குத்தி நிக்கும். அதுதான் மாட்டறது. முட்டிய கால் கட்டைவிரலுக்கு நேர் மேல வெளிய தள்ளி வெச்சா பேஸ் ரெண்டும் தட்டையாயிடும். கண்ணாடி முன்னாடி பூட் போட்டு நின்னாலே தெரிஞ்சுடும், வீட்ல இருக்கறவங்க சிரிச்சா சிரிக்கட்டும்.

முட்டி சரியா இருந்தும் மாட்டுதுன்னா எட்ஜ் கூர். விரல் நகத்த எட்ஜுக்குக் குறுக்க லேசா இழுங்க, நகத்துல இருந்து வெள்ளையா பொடி சீவி வந்தா பனிக்கு அருமை, ரெயிலுக்கு ஆபத்து. பூட்டுக்கு அடில வர்ற நீளம், அதுக்கு முன்னயும் பின்னயும் ஒரு நாலு விரக்கடை, அவ்ளோ மட்டும் அரம் வெச்சு மூலைய மழுங்க விடணும், அரத்த நாப்பத்தஞ்சு டிகிரில சாச்சுப் புடிச்சு நாலஞ்சு இழுப்பு, அப்புறம் மறுபடி நகம், சீவலன்னா நிறுத்திடுங்க. நுனி வரைக்கும் மழுக்கிடாதீங்க, ஜனவரில மைனஸ் 15ல இங்க சரிவெல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸா இருக்கும், கீழ வந்து நிக்கறதுக்கு எட்ஜ் வேணும். ஒரு தடவ மழுக்கினா திரும்ப பழைய கூர் வராதுன்னே வெச்சுக்கோங்க, அதனால கம்மியா ஆரம்பிங்க. வாடகை ஸ்கீல இந்த வேலையெல்லாம் வேண்டாம், காசு கட்ட வெச்சுடுவாங்க, பேசாம கடைல பார்க் ஸ்கீ இருக்கான்னு கேட்டு வாங்கிக்கோங்க.

மூணாவது காரணம் வேகம் பத்தல. பயத்துல மெதுவா போனா பாதி பாக்ஸ்ல உராஞ்சு நின்னுடுவோம், உடம்பு மட்டும் போகும். கம்பிக்கு எவ்ளோ வேகம்னு கணக்கெல்லாம் இல்ல, முன்னாடி ஒருத்தர் நல்லா பண்ணிட்டுப் போனா அவர் எங்க இருந்து கெளம்பினார்னு பாத்து அதே எடத்துல இருந்து டர்ன் போடாம விடுங்க. புதுசா பனி பேஞ்ச அன்னிக்கு பாக்ஸ் மேல படிஞ்சிருக்கற பனி ஸ்கீய இழுக்கும், நேத்து வந்த வேகம் இன்னிக்கு வராது.

குறுக்க வரவே மாட்டேங்குது, அரைகுறையா கோணலா நின்னு எறங்கிடறேன்

முழு உடம்பையும் சேத்துத் திருப்பப் பாக்கறீங்க. நெஞ்சு, தோள், கை எல்லாம் ஒண்ணா சுத்தினா ஒண்ணு பாதில நின்னுடும், இல்ல சுத்தறது நிக்காம பின்பக்கமா திரும்பிப் போயிடும். திரும்ப வேண்டியது இடுப்புக்குக் கீழ மட்டும், நெஞ்சு கொஞ்சம் கம்பி முடிவ பாத்துக்கிட்டே இருக்கணும், துணி பிழியற மாதிரி மேல ஒரு பக்கம் கீழ ஒரு பக்கம். அந்த முறுக்கு இருந்தாத்தான் கடைசில காலத் திருப்பி நேரா எறங்கவும் முடியும்.

இதுக்கு பனியே வேண்டாம். ஹால்ல கார்ப்பெட் மேல வெறுங்கால்ல, சுவத்துல ஒரு புள்ளி வெச்சு அதையே பாத்துக்கிட்டு குதிச்சு கால மட்டும் 90 டிகிரி திருப்பி ரெண்டு காலும் ஒரே நேரத்துல தரையத் தொடணும். சத்தத்தக் கேளுங்க. "தட்"னு ஒரு சத்தம் வந்தா சரி, "த-தட்"னு ரெண்டா வந்தா ஒரு கால் முந்துது. கம்பில அந்த முந்துன கால்தான் தனியா ஓடிப் போயி உங்கள பந்தி விரிச்ச மாதிரி ரெண்டு பக்கமும் விரிச்சுடும், கால் அகண்டுக்கிட்டே போகுதுன்னு சொல்றவங்களுக்கும் வைத்தியம் இதுதான். எங்க கீழ் வீட்டுக்காரர் ரெண்டு தடவ மேல வந்துட்டார்ங்கறது வேற விஷயம்.

பாதி வரைக்கும் நல்லா போயிட்டு பக்கவாட்டுல விழுந்துடறேன்

முன்ன பின்ன இல்ல, கம்பிக்கு வலது பக்கமோ எடது பக்கமோ எறங்கிடறது. கம்பி மேல நீங்க எந்தத் தப்பும் பண்ணல, அத நம்புங்க. வந்த பாத கோணல். ஒரு பக்கமா வர்ற வேகம் கம்பில ஏறினதும் மறஞ்சு போகாது, அதே பக்கமா கொண்டு போயி தள்ளும்.

இதுல ஒரு வசதி, பனி எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கும். விழுந்ததும் ஓரமா நகந்து, மேல யாரும் கெளம்பலன்னு பாத்துட்டு, லிப் பக்கத்துல போயி உங்க தடத்தப் பாருங்க. ரெண்டு தடமும் கம்பிக்கு நேரா, ஒரே ஆழத்துல, அகலமா தட்டையா இருந்தா நீங்க நேராத்தான் வந்திருக்கீங்க. ஒரு தடம் மட்டும் கத்தி வெச்சுக் கீறின மாதிரி மெல்லிசா ஆழமா இருந்தா கடைசி நேரத்துல எட்ஜ் போட்டு குதிச்சிருக்கீங்க, திரும்பறதுக்கு உதவின்னு நெனச்சு கால் தானா போடும். அந்தக் கீறல் எந்தப் பக்கம் வளையுதோ அந்தப் பக்கம்தான் விழுந்திருப்பீங்க, நான் பாத்த வரைக்கும் தப்பினதே இல்ல.

மருந்து, கடைசி டர்ன சீக்கிரமே முடிச்சுடறது, லிப்புக்கு ஒரு பத்து பதினஞ்சு மீட்டர் முன்னாடியே. அதுக்கப்புறம் ஸ்கீ ரெண்டும் தட்டையா, நேரா, சும்மா வர்றது. வேகம் ஜாஸ்தின்னு தோணினா அந்தக் கடைசி பத்து மீட்டர்ல கொறைக்கப் பாக்காதீங்க, பேசாம ஒதுங்கிடுங்க. போலாமா வேண்டாமான்னு லிப் மேல நின்னு யோசிச்ச அன்னிக்குத்தான் எனக்கு பெரிய அடியெல்லாம் பட்டிருக்கு.

பாக்ஸ்ல ராஜா, கம்பில பூஜ்யம்

பாக்ஸ் அகலம், ஸ்கீயோட நல்ல நீளம் அதுமேல உக்காந்திருக்கும், எடை கொஞ்சம் குதிகால் பக்கம் போனாலும் தாங்கும். கம்பி ஒல்லி, பாதத்து நடுக்குழிக்கு நேர் கீழ கம்பி இருந்தாத்தான் நிக்கும், இல்லன்னா ஸ்கீ தராசுத் தட்டு மாதிரி ஒரு பக்கமா சாஞ்சுடும். அதனால பூட்டுக்குள்ள உங்க எடை எங்கன்னு பாருங்க. முட்டிக்குக் கீழ இருக்கற முன்எலும்பு பூட்டோட முன்பக்க நாக்குல சும்மா தொட்டுக்கிட்டு இருக்கணும், அழுத்தவும் கூடாது, காத்து போற மாதிரி எடைவெளியும் கூடாது.

ஸ்கீயும் ஒரு காரணமா இருக்கலாம். நான் மொதல்ல வாங்குனது பழைய செகண்ட்ஹேண்ட் ஜோடி, பின்நுனி தட்டையா இருக்கும், பூட்ட ஸ்கீயோட புடிச்சு வெக்கற பைண்டிங்கும் ரொம்ப பின்னாடி தள்ளி அடிச்சிருந்தாங்க. குறுக்கத் திருப்பினா முன்பக்கம் நீளமா கனமா இழுக்கும், தப்பித் தவறி பின்பக்கமா எறங்கினா வால் பனில குத்திக்கும். ரெண்டு நுனியும் வளஞ்ச ட்வின் டிப் தொண்ணூறுகள் கடைசிலதான் பரவலாச்சு, சலோமன் கம்பெனியோட டென்எய்ட்டிங்கற ஸ்கீ 1998ல வந்தப்புறம் எல்லா கம்பெனியும் போட ஆரம்பிச்சாங்க, அதனால இப்ப பழசுலயே நல்ல ட்வின் டிப் கெடைக்கும். பைண்டிங் நடுவுக்குப் பக்கமா அடிச்சதா பாத்து வாங்குங்க. பைண்டிங் அடிக்கடி கழண்டுக்குதுன்னு ஸ்க்ரூவ நீங்களே இறுக்காதீங்க, அது கழலாமப் போனா முட்டி கழலும்.

உருண்டைக் குழாய்க்குப் போறதுக்கு முன்னாடி மேல்பக்கம் தட்டையா இருக்கற ரெயில்ல கொஞ்ச நாள் ஓட்டுங்க. மார்ச்ல பனி இளகினதும் வந்து கத்துக்கறது இன்னும் உத்தமம், விழுந்தா மெத்தை, ஜனவரில விழுந்தா சிமெண்ட்டு.

கடைசி வரைக்கும் வந்துட்டு, எறங்கறப்ப பனில மாட்டிக்குது

சந்தோஷத்துல அப்படியே குறுக்க எறங்கறீங்க. கம்பில எட்ஜ் இல்லாமப் பழகுன கால் பனியத் தொடுது, கீழ்ப்பக்க எட்ஜ் குத்துது, முடிஞ்சது. கம்பி முடிய ஒரு மீட்டர் இருக்கறப்பவே பார்வைய கீழ எறங்கற பனிக்கு மாத்துங்க, முறுக்கி வெச்சிருந்த இடுப்ப விட்டாலே கால் நேராத் திரும்பிடும். எறங்கினதும் அங்கயே நின்னு கையத் தூக்காம ஓரமா போயிடுங்க, மேல இருந்து அடுத்தவன் "டிராப்பிங்" (நான் வர்றேன்)னு கத்திட்டு கெளம்பியிருப்பான்.

ஒரு பக்கம் நல்லா வருது, மறுபக்கம் சுத்தமா வரல

எல்லாருக்கும் அப்படித்தான். எடது கால் முன்னாடி வெச்சு ஓட்டறவங்களுக்கு வலது கால் முன்னாடி வந்தா நேத்து ஸ்கீ போட்டவங்க மாதிரி ஆயிடும். மறுபக்கத்துக்கு மட்டும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும், கார்ப்பெட், சைட்ஸ்லிப், தரையோட தரையா இருக்கற அகல பாக்ஸ்னு. நான் ஒவ்வொரு நாளும் மொத மூணு ரவுண்டு மறுபக்கம்தான், உடம்பு களைக்கறதுக்கு முன்னாடி, இல்லன்னா "நாளைக்குப் பாத்துக்கலாம்"னு போயிடும். போன சீசன் கடைசி வாரத்துல வலது கால் முன்னாடி வெச்சு அந்தச் சின்ன பாக்ஸ மொதமொதலா முழுசா தாண்டி, பெருமையா திரும்பி அக்கா பையனப் பாத்தேன். அவன் போன நோண்டிக்கிட்டு இருந்தான், வீடியோ எடுக்கவே இல்ல. "மாமா, இன்னொரு தடவ பண்ணுங்களேன்"ங்கறான். பண்ணினேன், பின்பக்க இடுப்பு போயி பாக்ஸ்ல மோதுச்சு.